வால்வுத் தண்ணீருக்கு ஒரு மனு

எங்கள் தெருவில் மனு எழுத வேண்டுமென்றால் என்னிடம் வருவார்கள். அதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமென்றால் என் அண்ணி மலர்க்கொடியிடம் போவார்கள். நான் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறவள், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், அவ்வளவுதான் என் தகுதி. அண்ணி எட்டாவதோடு நின்றவள். ஆனால் தாலுகா ஆபீசில் எந்த மேஜைக்குப் போனால் காகிதம் நகரும், எந்த மனுஷன் சாப்பாட்டுக்குப் போனால் அன்றைக்குத் திரும்ப வரமாட்டார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. மனு கொடுக்கப் போகிற நாளில் மட்டும் ஒரு ஊதாச் சேலை கட்டுவாள். ரசீது வாங்காமல் அந்த இடத்தை விட்டு நகரமாட்டாள். "என்ன அண்ணி, பொண்ணு பார்க்க வர்றாங்களா?" என்று நான் கிண்டல் செய்தால், "ஆமாண்டி, தாசில்தார் வர்றாரு" என்பாள்.

அவளுக்கு இந்தப் பழக்கம் வந்ததற்குக் காரணம் எங்கள் நிலம்தான். கொள்ளிடத்துக்குத் தென்கரையில், திருப்பனந்தாளிலிருந்து டவுன் பஸ் போகிற கடைசி ஊர் எங்களுடையது. என் தாத்தாவும் அப்பாவும் பண்ணையார் துரைராசு வீட்டில் பண்ணையாட்கள். நில உச்சவரம்புச் சட்டத்தில் அவர்கள் நிலத்திலிருந்து என் அம்மாவுக்கு மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர், கிடைத்தது. கிடைத்தது என்று சொல்வதற்குத்தான். பட்டா வரவில்லை. நாங்கள் உழுவோம், நடுவோம், அறுப்போம், ஆனால் காகிதத்தில் நிலம் துரைராசின் அப்பா பெயரிலேயே இருந்தது. என் அண்ணன் கண்ணுசாமியைக் கட்டிக்கொண்டு வலங்கைமான் பக்கத்திலிருந்து வந்த அண்ணி, வந்த வருஷமே இதைக் கேட்டுவிட்டு என் அம்மாவிடம் சண்டைக்குப் போனாள். "பேப்பர் இல்லாத நெலத்துல எப்படித் தூக்கம் வருது உங்களுக்கு?" என்றாள். பிறகு இவளே அலைந்தாள். மூத்த பிள்ளை இடுப்பில் இருந்தபோது தொடங்கியது, அவன் நான்காவது படிக்கும்போது பட்டா வந்தது. அதைக் கும்பகோணத்துக்குக் கொண்டுபோய் லேமினேட் செய்து, கல்யாண போட்டோவுக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினாள்.

அதற்குப் பிறகு தெருவிளக்கு, பகுதிநேர ரேஷன் கடை, சுடுகாட்டுப் பாதை என்று எல்லாம் மனுதான். "கேட்டா கெடைக்கும் மதி. லேட்டாகும், நாயா அலைய விடுவாங்க, ஆனா கெடைக்கும். கேக்காம எடுத்தாத்தான் எவனாவது வந்து புடுங்குவான்." இது அவள் வேதம். என் பெயர் மதிவதனி. அவள் கணக்கில் மதி.

கொள்ளிடத்துக்குள் ராட்சதக் கிணறுகளை இறக்கி, கரையில் மோட்டார் கொட்டகை கட்டி, ஆள் தவழ்ந்து போகலாம் போன்ற குழாயில் தண்ணீரைத் தெற்கே வறண்ட சீமைக்குக் கொண்டுபோகும் திட்டம் வந்தபோது, எங்கள் பக்கத்தில் மறியல், கடையடைப்பு எல்லாம் நடந்தது. ஊரே போனது. அண்ணி போகவில்லை. அவளுடைய தங்கை செந்தாமரையை அந்தச் சீமையில்தான் கட்டிக் கொடுத்திருந்தார்கள். குடத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்துத் தண்ணீர் வாங்கி, குளித்த தண்ணீரில் துணி அலசி, அந்தத் தண்ணீரை வாழைக்கு ஊற்றி வாழ்ந்தவள் அவள். "குடிக்கத் தண்ணி கேக்குறாங்க. தரமாட்டேன்னு எந்த வாயால சொல்றது?" என்று கேட்டாள் அண்ணி. அங்கே முதல் முதலாகக் குழாயில் தண்ணீர் வந்த அன்று செந்தாமரை போன் போட்டு, பேசாமல், போனைக் குழாய்ப் பக்கம் பிடித்துக்கொண்டே இருந்தாள். அண்ணி அந்தச் சத்தத்தை எனக்கும் கேட்கக் கொடுத்தாள். அன்றைக்குச் சர்க்கரைப் பொங்கல் வைத்துத் தெருவுக்கே கொடுத்தாள். நானும் வாங்கித் தின்றேன்.

அதற்கு அடுத்தடுத்த கோடைகளில் எங்கள் போர்வெல்களில் தண்ணீருக்குப் பதில் காற்று வந்தது. ஆற்றில் மணல் அள்ளியது பாதி, இந்தத் திட்டம் பாதி. எது எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. ஆபீசர்களைக் கேட்டால் இரண்டுமே இல்லை, மழை குறைவு என்பார்கள். எங்களுடையதெல்லாம் ஆழமில்லாத பழைய போர்கள். மேட்டூரில் திறக்கிற தண்ணீர் எங்கள் கடைமடை வாய்க்காலுக்கு வந்து சேர்வதற்குள் குறுவைக்கு நாற்று தயாராக இருக்க வேண்டும். நாற்று விட போர்த் தண்ணீர் வேண்டும். போர் இல்லாவிட்டால் குறுவை இல்லை, சம்பா ஒன்றோடு வருஷம் முடிந்தது.

துரைராசு மட்டும் போர் போடுகிற வண்டி கொண்டுவந்து பாதாளம் வரை துளைத்து மோட்டாரை இறக்கினார். எங்கள் தெருவில் அவர் தண்ணீரை வாங்காதவர் இல்லை. விலை, களத்தில் அடித்த நெல்லில் மூன்றில் ஒரு பங்கு. நிலம் எங்களுடையது, உழவு எங்களுடையது, விதை எங்களுடையது, உரம் எங்களுடையது. ஆனாலும் அறுப்பன்று களத்துமேட்டில் வந்து நிற்பது அவர் டிராக்டர். பண்ணை ஒழிந்துவிட்டது என்று நாங்கள் பாட்டுக்கு நினைத்துக்கொண்டிருந்தோம். என் அண்ணன் வெறுத்துப்போய்த் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். மாடுகளை விற்றாகிவிட்டது.

செந்தாமரை ஊரிலோ அவள் வீட்டுப் பக்கத்துப் பொட்டல் முழுக்க மனை போட்டுவிட்டார்களாம். "காவிரிக் குடிநீர் வசதியுடன்" என்று போர்டு வைத்திருக்கிறார்களாம். காவிரித் தண்ணீர் ஓடுகிற எங்கள் ஊரில் நிலத்தைக் கேட்பதற்கு ஒரே ஒரு ஆள்தான் உண்டு, அவரும் அடிமாட்டு விலைக்குக் கேட்பார். குழாய் எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. ஆனால் திட்டத்தில் எங்கள் ஊர் இல்லை. எங்களுக்குத்தான் ஆறு இருக்கிறதே என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு வயிறு எரியும். செந்தாமரையை நினைத்தால் எரிச்சலைக் காட்டவும் முடியாது.

குழாய்க்குள் காற்று அடைத்துக்கொள்ளாமல் இருக்க அங்கங்கே சிமெண்டுத் தொட்டி கட்டி ஏர் வால்வு வைத்திருப்பார்கள். எங்கள் ஊர் எல்லையில் அப்படி இரண்டு. ஒன்று ரோட்டோரம். இன்னொன்று கருவக்காட்டுக்குள், புதர் மண்டிக் கிடக்கிறது, அது இருப்பது எங்கள் தெருப் பெண்களைத் தவிர வேறு யாருக்கும் ஞாபகம் இருக்காது. அதில் நூல் போல ஒரு கசிவு. எங்கள் கைப்பம்பில் வருவது காவி நிறத்தில் துருவாடை அடிக்கிற தண்ணீர். அதனால் குடிப்பதற்கு மட்டும் கருவக்காட்டில் குடத்தை வைத்துவிட்டு வந்து, பிறகு போய் எடுத்துக்கொள்வோம்.

ரோட்டோர வால்வு அப்படியல்ல. ரப்பர் போய் இரவும் பகலும் பீச்சிக்கொண்டிருந்தது. ஓடிய தண்ணீர் பக்கத்துப் புறம்போக்குப் பள்ளத்தில் தேங்கிக் கோரை வளர்த்துக்கொண்டிருந்தது. அந்த வழியாக ஊரே போய் வந்தது. போன வருஷம் கோடையில்தான் அண்ணி அங்கே நின்று பார்த்துவிட்டு வந்து, "மதி, அந்தப் பள்ளத்துல நம்ம தெரு முழுக்கக் குறுவைக்கு நாத்து விடலாம்" என்றாள். பெண்கள் எல்லாரும் இறங்கிக் கோரையைப் பிடுங்கி, வரப்பு கட்டி, சேறாக்கி விதையை விட்டார்கள். என்ன நாற்று அது. கரும்பச்சையாய், ஒரு சாண் உயரத்தில் ஒரே மட்டமாய் நின்றது. வாய்க்காலில் தண்ணீர் வந்த வாரமே தெருவில் எல்லாரும் நட்டு முடித்தோம். துரைராசின் டிராக்டர் எங்கள் களத்துக்கு வராமல் நெல் வீட்டுக்கு வந்தது அந்த ஒரு குறுவையில்தான். நான் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக வைக்கோல் தூக்கியதில்லை.

இந்த வருஷமும் அப்படியே விட்டோம். நாற்று முளைத்துப் பச்சை கட்டும்போது ஒருநாள் காலை, டீக்கடையில் துரைராசு அண்ணியைப் பார்த்துவிட்டார். நானும் இருந்தேன்.

"என்ன மலர்க்கொடி, திருட்டுத் தண்ணியில நாத்து நல்லாத்தான் வருது" என்றார்.

"ரோட்டுல வீணா ஓடுற தண்ணிங்க அது."

"வீணா ஓடுனா ஒன்னோடதாயிடுமா? எந்த ஊருக்கோ போற தண்ணி. எவனாவது ஒரு கம்ப்ளெயிண்டு குடுத்தா மொத்தத் தெருவும் ஸ்டேஷன்ல குந்திருக்கணும்."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்காவிட்டால் அவருக்குக் கோபம் வரும் என்று சிரிக்கிற சிரிப்பு. அண்ணி பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். வீட்டுக்கு வந்ததும், "எழுது மதி" என்றாள்.

"என்னத்த எழுதுறது?"

"அந்தத் தண்ணிய நமக்கு முறையா விடச் சொல்லி. ஒரு பைப்பு போட்டுக் குடுத்தா போதும், கட்டணம் கட்டுறோம்னு எழுது. எவனும் நாளைக்கு நம்மளத் திருடின்னு சொல்லக் கூடாது."

"அண்ணி, ஓட்டை இருக்குன்னு நீங்களே போய்ச் சொன்னா ஓட்டைய அடைப்பாங்க. தண்ணி குடுக்கமாட்டாங்க."

"பட்டாவுக்குப் போனப்பவும் இதையேதான் சொன்னீங்க, இருக்குற நெலத்தையும் புடுங்கிடுவாங்கன்னு. புடுங்குனாங்களா? நம்ம ஊருலேர்ந்து எடுக்குற தண்ணி. அதுல ஒழுகுறதைத்தானே கேக்குறோம். நாயமா கேட்டா எவன் இல்லேம்பான்?"

அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. எங்கள் குடும்பத்தில் யாரையும் யாரும் அதுவரை திருடர் என்று சொன்னதில்லை. அடிமை என்று சொல்லியிருக்கிறார்கள், திருடர் என்று சொன்னதில்லை. நான் எழுதினேன். நன்றாகவே எழுதினேன்.

ஜமாபந்தி நடந்துகொண்டிருந்த வாரம் அது. வருஷத்துக்கு ஒருமுறை பெரிய அதிகாரி தாலுகா ஆபீசுக்கே வந்து உட்கார்ந்து மனு வாங்குகிற நாட்கள். அண்ணி ஊதாச் சேலையில் போய்விட்டு முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பினாள். அந்த அதிகாரி நாற்காலி போடச் சொன்னாராம். முழு மனுவையும் படித்தாராம். "நல்ல மனு, உடனே நடவடிக்கை எடுக்கச் சொல்றேம்மா" என்று, போன் நம்பரையும் குறித்துக்கொண்டாராம்.

பட்டாவுக்கு அத்தனை வருஷம் எடுத்துக்கொண்ட சர்க்கார், இதற்கு இரண்டு நாள்கூட எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் காலையிலேயே வேன் வந்து நின்றது. உள்ளே இரும்புச் சாமான்கள், ஒரு துண்டுக் குழாய், நான்கைந்து ஆட்கள், ஒரு இளவயது இன்ஜினியர். அந்தக் குழாய்த் துண்டைப் பார்த்ததும் அண்ணி என் கையைப் பிடித்து அழுத்தினாள். ஓடிப்போய் அரிவாள் எடுத்துவந்து தொட்டியைச் சுற்றி இருந்த புல்லை அவளே அரிந்து கொடுத்தாள். எல்லாருக்கும் டீ போட்டுத் தூக்குவாளியில் கொண்டுவந்தாள். தெருப் பெண்கள் எல்லாம் கூடிவிட்டார்கள்.

"எத்தனை இஞ்சு பைப்புங்க போடுறீங்க?" என்று டீயை ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

இன்ஜினியர் மரியாதையான பிள்ளை. "பைப்பா? இல்லம்மா, லீக்கை அடைக்கிறோம். உங்க மனுதானே? மேலேருந்து போன் மேல போன், உடனே முடிக்கணும்னு."

"தண்ணி விடச் சொல்லித்தானே தம்பி எழுதியிருந்தோம்."

அவர் தன் போனை எடுத்துப் பார்த்தார். "எங்களுக்கு வந்தது, வால்வுல கசிவு, தண்ணி வீணாகுதுன்னுதாம்மா. இனிமே வீணாகாது."

"நாத்து விட்டிருக்கோம் தம்பி. இன்னும் பத்து, பன்னண்டு நாளு. வாய்க்கால்ல தண்ணி வந்ததும் பறிச்சிடுவோம். அதுக்கப்புறம் அடைங்களேன்."

அவர் நாற்றங்காலைப் பார்த்தார். உண்மையிலேயே சங்கடப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். "எனக்குப் புரியுதும்மா. ஆனா என் கையில இல்லை" என்றார். அவர் டீயைக் குடித்து முடிப்பதற்குள் பீச்சல் நின்றுவிட்டது. இரண்டு வருஷமாக அந்த இடத்தில் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் நின்றதும், ரோட்டில் போகிற வண்டிச் சத்தமெல்லாம் பெரிதாகக் கேட்டது. தொட்டிக்கு மேல் பலகை போட்டுப் பூட்டினார்கள். கிளம்பும்போது இன்ஜினியர், "வேற எங்கேயாவது கசியுதாம்மா?" என்று கேட்டார். கூடியிருந்த பெண்களில் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. அண்ணி காலிக் கிளாஸ்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

ஜூன் வெயிலுக்கு நாற்றங்கால் எத்தனை நாள் தாங்கும்? மேட்டூரில் திறந்துவிட்டார்கள் என்று டிவியில் பூத்தூவிக் காட்டினார்கள். எங்கள் வாய்க்காலில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. கைப்பம்பில் அடித்து அடித்துக் குடம் குடமாகக் கொண்டுபோய்த் தெளித்தோம். ஊற்றுகிற கை எடுக்குமுன் மண் குடித்துவிட்டது. சேறு வெடித்து, நாற்றின் நுனி கருகத் தொடங்கியது.

தெரு அண்ணியை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டது. "சும்மா வந்துக்கிட்டிருந்த தண்ணிய மனு குடுத்து நிறுத்திட்டு வந்துட்டா மகராசி" என்று அவள் காதுபடவே சொன்னார்கள். "ரசீது வாங்கினியா மலரு, அதைக் கரைச்சு ஊத்து நாத்துக்கு" என்றாள் ஒருத்தி. நான் தெருவில் இறங்கி, உங்கள் வீட்டு ரேஷன் அரிசி யார் அலைந்து வந்தது, உங்கள் பிணம் போகிற பாதை யார் அலைந்து வந்தது என்று கிழி கிழியென்று கிழித்தேன். அண்ணி என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். "அவங்க சொல்றது சரிதான் மதி. என் நாத்து மட்டுமா காயுது?" என்றாள். அவளை அப்படி உடைந்துபோய் நான் பார்த்ததே இல்லை.

அன்று சாயங்காலமே துரைராசு வீட்டுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். அவர் கட்டிலில் படுத்தவாக்கில் பேசினார்.

"தண்ணி விடுறேன். நாளைக்கே ஹோஸ் போடச் சொல்றேன். மத்தவங்க பழையபடி மூணுல ஒரு பங்கு. ஒனக்கு மட்டும் பங்கெல்லாம் வேணாம்."

அவர் புரண்டு படுத்துக்கொண்டார்.

"ஒன் மூணு மாவையும் எனக்குக் குத்தகைக்கு எழுதிக் குடுத்துடு. அஞ்சு வருஷத்துக்கு. அப்பத்தான் தெருவுக்குத் தண்ணி. ஆளு தேடி அலைய வேணாம், நடவுக்கு நீயே வந்துடு, கூலி குடுக்குறேன். ஒம் மாமியாரெல்லாம் அந்த நெலத்துலதானே எங்களுக்கு நட்டாங்க."

வேண்டாம் என்று நான் அவள் முந்தானையை இழுத்தேன். அண்ணி என் பக்கம் திரும்பவே இல்லை. "மத்தவங்க நாத்து பொழச்சா சரிங்க" என்றாள்.

நாற்று பிழைத்தது. பாதி கருகல்தான், ஆனால் பிழைத்தது. தெருவில் பிறகு யாரும் அவளை எதுவும் சொல்லவில்லை. அது இன்னும் கேவலமாக இருந்தது. பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள்.

வாய்க்காலில் தண்ணீர் வந்து, எங்கள் மூன்று மாவில் துரைராசுக்கு நடவு. ஞாயிற்றுக்கிழமை, எனக்கு அங்கன்வாடி லீவு. அவள் தனியாகப் போகக் கூடாது என்று நானும் கூலிக்கு இறங்கினேன். வரப்பில் துரைராசின் ஆள் குடை பிடித்து நின்றுகொண்டு, "நெருக்கி நடுங்க, நெருக்கி நடுங்க" என்றான். அண்ணிக்கு அந்த மண் எங்கே உள்வாங்கும், எங்கே கெட்டி என்பது தெரியும். ஆனாலும் அவன் சொன்னபடியே நட்டாள்.

அப்போதுதான் அவள் இடுப்பில் இருந்த போன் அடித்தது. அவள் கையெல்லாம் சேறு. நான் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். பதிவு செய்த பெண் குரல், தேன் ஒழுகப் பேசியது. தாங்கள் ஜமாபந்தியில் அளித்த மனுவின் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டுத் தங்கள் குறை தீர்க்கப்பட்டது. இதில் தாங்கள் திருப்தி அடைந்தால் எண் ஒன்றை அழுத்தவும். திருப்தி இல்லையெனில் எண் இரண்டை அழுத்தவும், அலுவலர்கள் மீண்டும் நேரில் வந்து ஆய்வு செய்வார்கள்.

"வரட்டும் அண்ணி. இந்த வயல்ல வந்து நிக்கட்டும். நான் பேசிக்கிறேன்" என்று இரண்டை அழுத்தப் போனேன்.

அண்ணி சேற்றுக் கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஒண்ணை அழுத்து."

"என்ன பேசுறீங்க? திருப்தின்னா சொல்லச் சொல்றீங்க?"

"ஆய்வுக்கு வந்தா ரோட்டோட போயிடுவாங்களா? லைன் நெடுகப் பார்ப்பாங்க. கருவக்காட்டு வால்வும் போயிடும். குடிக்கிறதுக்கு எங்க போவ?"

அந்தக் குரல் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தது. பக்கத்து வரிசையில் நட்டுக்கொண்டிருந்த பெண்கள் எல்லாம் குனிந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஒண்ணை அழுத்து மதி" என்றாள் அண்ணி. நான் அழுத்தினேன். நன்றி என்றது போன். அவள் அடுத்த நாற்று முடிச்சை அவிழ்த்தாள்.

சாயங்காலம் குடத்தோடு கருவக்காட்டுக்குப் போனேன். எனக்கு முன்னாலேயே அண்ணி அங்கே இருந்தாள். கருவ முள்ளைக் கட்டுக் கட்டாக வெட்டி வால்வுத் தொட்டியைச் சுற்றி அடுக்கிக்கொண்டிருந்தாள், ஒரு குடம் நுழைகிற அளவுக்கு மட்டும் சந்து விட்டு. கையெல்லாம் முள் கீறல்.

"ரோட்டுலேர்ந்து பார்த்துட்டு வா, வெளிய தெரியுதான்னு" என்றாள்.

நான் ரோட்டுக்குப் போய் நின்று பார்த்தேன். வெறும் முட்புதர்தான் இருந்தது.

"தெரியலை அண்ணி" என்றேன்.